ஐந்து வீரர்கள் போதும்: விண்வெளிப் போர் மேசைக்கு முதல்முறை வருவோருக்கு

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் நடக்கும் எங்கள் வாரயிறுதி ஆட்டக் கூடுகைக்கு முதல்முறை வருகிறவர்களில் இரண்டு வகையினரை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். ஒருவர் அறுபது மினியேச்சர் பொம்மைகளைப் பெட்டி பெட்டியாகச் சுமந்து வருவார். அவற்றை மேசையில் அடுக்கி முடிப்பதற்குள் சாப்பாட்டுக்கு அழைத்துவிடுவார்கள். ஆட்டம் இரண்டாம் சுற்றோடு நின்றுபோகும். இன்னொருவர், "எனக்கு விதிகள் தெரியாதே" என்று சுவரோரம் நின்று இரண்டு நாளும் வேடிக்கை பார்த்துவிட்டு ஞாயிறு மாலை ரயிலேறிவிடுவார். இருவருமே ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாக ஆடியிருக்க மாட்டார்கள். அந்த இருவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். ஐந்து வீரர்களோடு வாருங்கள். ஓர் ஆட்டத்தைத் தொடங்கி, முடித்துவிட்டுப் போங்கள்.

இந்த ஆட்டம் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றடி அல்லது நான்கடி அகல மேசை ஒரு வேற்றுக்கிரகம். அதன்மேல் இடிந்த கட்டடங்கள், பாறைகள், எரிபொருள் தொட்டிகள். கட்டைவிரலின் மேற்கணு உயரமுள்ள வீரர்கள் இரு அணியாக நிற்பார்கள். அளவுநாடாவால் அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டிச் சுடுவோம். கட்டம் கிடையாது, எந்தத் திசையிலும் போகலாம். ஆடுபுலி ஆட்டம் ஆடி வளர்ந்தவருக்கு இதன் அடிப்படை கையிலேயே இருக்கிறது. மூன்று புலிகள் ஒரு பக்கம், பதினைந்து ஆடுகள் மறுபக்கம். எண்ணிக்கையும் ஆற்றலும் வேறுவேறாக இருந்தும் ஆட்டம் சமமாகவே நிற்கும். இங்கே அந்தச் சமநிலையைப் புள்ளிக் கணக்கால் கொண்டுவருகிறார்கள். கவசம் பூண்ட ஒரு வீரருக்கு அதிகப் புள்ளி, சாதாரண ஆளுக்குக் குறைந்த புள்ளி, இரு பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்று.

விதியை முதலில் தேர்ந்தெடுங்கள், பொம்மையை அப்புறம் வாங்குங்கள்

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் அழகாக இருந்த பெட்டியை வாங்கிவிட்டு, அதற்கான விதிநூல் தடிமனாக இருப்பதைக் கண்டு அப்படியே மூடி வைத்துவிடுகிறார்கள். 1987இல் இங்கிலாந்தில் வெளியான வார்ஹேமர் 40,000தான் இந்த வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது. நல்ல ஆட்டம்தான், ஆனால் முழுப்படையோடு ஆடினால் அரைநாள் போய்விடும். முதல் வாரயிறுதிக்கு அது வேண்டாம் என்பேன்.

என் பரிந்துரை 'ஒன் பேஜ் ரூல்ஸ்' வெளியிடும் 'கிரிம்டார்க் ஃபியூச்சர்: ஃபயர்ஃபைட்'. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம், சில பக்கங்கள்தான், எந்த நிறுவனத்தின் பொம்மையை வைத்தும் ஆடலாம். இரு தரப்பும் மாறி மாறி ஒவ்வொருவராக இயக்குவதால் எதிராளி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அடுத்தபடியாக 'ஸ்டார்கிரேவ்'. ஒரு கப்பல் தலைவரும் அவருடைய ஆட்களுமாகப் பத்துப் பேர் இறங்கிக் கொள்ளைப்பொருள் தேடும் கதை. இருபது முகப் பகடை வேண்டும். உங்கள் ஊரில் ஆட வேறு யாருமே இல்லை என்றால் 'ஃபைவ் பார்செக்ஸ் ஃப்ரம் ஹோம்' பாருங்கள். ஒருவர் தனியாகவே ஆடுவதற்கென எழுதப்பட்டது. சாயல்குடியிலோ தொண்டியிலோ இருந்துகொண்டு இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டு மேசையில் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எதை எடுத்தாலும் வருவதற்கு முன் ஒருமுறை விதிகளை வாய்விட்டு வாசியுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதைப் பக்கத்தில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த இடம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை.

கடற்காற்றில் ஒட்டுவதும் பூசுவதும்

மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி கிடைக்காது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஃபெவிக்விக் போன்ற பசைகள் காற்றில் இருக்கும் ஈரத்தால்தான் இறுகுகின்றன. மண்டபத்திலும் பாம்பனிலும் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, ஆகவே பசை சட்டென்று பிடித்துக்கொள்ளும். கையையும் தலையையும் முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்துவிட்டு, அதன்பிறகு ஒரு துளி வையுங்கள். அதிகமாக வைத்தால் சுற்றிலும் வெண்புகை படிந்ததுபோல் ஆகிவிடும். கண்ணாடி முகக்கவசம் உள்ள விண்வெளி வீரர்களுக்கு அது பெரிய கெடுதல். பொம்மை கடின பிளாஸ்டிக்காக இருந்தால் பிளாஸ்டிக் பசையே சிறந்தது. அது இரு துண்டுகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது.

வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ப்ரைமரை விடியற்காலையில் தெளிக்காதீர்கள். வெயில் ஏறி, ஈரம் குறைந்த பத்து, பதினொரு மணிக்கு, காற்று மறைவான நிழலில் தெளியுங்கள். ஈரக்காற்றில் தெளித்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். கடைசியில் அடிக்கும் மங்கல் வார்னிஷ் இன்னும் மோசம். பல இரவுகள் உட்கார்ந்து பூசிய வண்ணத்தின்மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மழை மாதங்களான ஐப்பசி, கார்த்திகையில் வார்னிஷைத் தூரிகையால் பூசிவிடுவதே நல்லது.

கோடையில் அக்ரிலிக் வண்ணம் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். ஒரு டப்பா மூடியில் ஈரமான ஸ்பாஞ்சைப் பரப்பி, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அந்தத் தாளில் வண்ணத்தைக் குழையுங்கள். ஒரு மாலை முழுக்க இளகியபடியே இருக்கும். ஐந்து வீரர்களுக்கு மூன்று வண்ணம் போதும்: கவசத்துக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று, தோலுக்கோ துணிக்கோ ஒன்று. அதன்மேல் நீர்த்த பழுப்பு நிறத்தை ஓடவிட்டால் மடிப்புகளில் தங்கி நிழல் கொடுக்கும். இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். பூசி முடியவில்லை என்றாலும் வாருங்கள், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

பொம்மை நிற்கும் அடித்தட்டுக்குக் கடல்மணலைப் பயன்படுத்துவதாக இருந்தால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். உப்பு தங்கினால் சில மாதங்களில் வெள்ளையாகப் பூக்கும். தங்கச்சிமடத்திலிருந்து வரும் நண்பர் ஒருவர் அலசிய மணலோடு கொஞ்சம் செங்கல் தூளைக் கலந்து ஒட்டுவார். மேலே வண்ணமே பூசாமல் அது செவ்வாய்க் கோளின் தரைபோலவே இருக்கும்.

நிலத்தை இந்த மண்ணிலிருந்தே எடுக்கலாம்

வேற்றுக்கிரகக் காட்சிக்கு இந்தக் கடற்கரை அளவுக்குப் பொருள் கொடுக்கும் இடம் குறைவு. அறிவியல் புனைவுப் போருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. வரலாற்றுப் போராக இருந்தால் சீருடைப் பொத்தானின் நிறத்துக்குக்கூட ஆதாரம் கேட்பார்கள். இங்கே அந்தக் கிரகம் எப்படி இருந்தது என்று முடிவு செய்பவர் நீங்கள்தான்.

சீமைக்கருவேலத்தின் காய்ந்த சிறு கிளைகள், முள்ளோடு அப்படியே, வேற்றுலகக் காடு. ஒரு களிமண் உருண்டையில் நட்டால் நிற்கும். துறைமுகத்தில் கிழிந்து ஒதுக்கிய நைலான் வலைத்துண்டுகளை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்துப் பதுங்குகுழிமேல் போர்த்தினால் படைமுகாமின் மறைப்பு வலை. உடைந்த வலை மிதவைகள் எரிபொருள் கோளங்கள். மாவட்டத்தின் உள்பகுதியில், கமுதியில், 648 மெகாவாட் சூரியமின் நிலையம் இருக்கிறதே, அந்தக் காட்சியைக் கறுப்பு அட்டையில் சாய்வான வரிசைகளாக வெட்டி ஒட்டினால் வீரர்கள் ஒளிந்து முன்னேற அருமையான மேசை அமையும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் கூரையில்லாத சுவர்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தெர்மோகோலில் செதுக்கியவர்கள் எங்களில் உண்டு. அந்த மேசையில் ஆடும்போது எல்லோருடைய குரலும் தானாகத் தணிந்துவிடுகிறது. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அந்த நினைவோடுதான் செதுக்க வேண்டும்.

மீன் பெட்டித் தெர்மோகோல் ஊரெங்கும் கிடைக்கும். ஆனால் அதன்மேல் நேரடியாக ஸ்ப்ரே வண்ணம் அடித்தால் கரைந்து குழிவிழும். முதலில் ஃபெவிகாலும் மணலும் கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்தபின் எதையும் பூசலாம்.

ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள்: பவளத்துண்டு. கரையில் ஒதுங்கிக் கிடக்கும்போது அது மேசைக்கென்றே செய்ததுபோல் தெரியும். மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. சட்டத்தை விடுங்கள், அந்த வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுள்ள கடல்தான் நம் மீனுக்கு வீடு. பவளம் வேண்டுமென்றால் உப்பு கலந்த மாவில் செய்யுங்கள். உப்பு, மாவு, தண்ணீர் மூன்றையும் பிசைந்து உருவாக்கிக் காயவைத்தால் வண்ணம் நன்றாகப் பிடிக்கும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. பாம்பன் புதிய ரயில் பாலத்தில் செங்குத்தாக மேலே உயரும் பகுதி 72.5 மீட்டர் நீளம். அதை 28 மில்லிமீட்டர் வீரர்களுக்கு ஏற்ற அளவில், அதாவது சுமார் 56இல் ஒரு பங்காகச் செய்தால் 1.3 மீட்டர் வரும், மேசையைத் தாண்டிவிடும். 6 மில்லிமீட்டர் வீரர்களுக்கு, 285இல் ஒரு பங்காகச் செய்தால் ஒரு சாண் நீளம்தான். எதைச் செய்யத் தொடங்கினாலும் முதலில் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பயணம்

வருகிற வாரயிறுதி அமாவாசையா என்று நாட்காட்டியைப் பாருங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பது அரிது. பஸ்ஸில் பொம்மைப் பெட்டியை மடியில் வைக்கக்கூட இடம் இருக்காது. ராமநாதபுரத்திலேயே தங்கிவிட்டு, காலையில் மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ வருவது எளிது.

பெட்டி விஷயம் முக்கியம். பொம்மையின் அடித்தட்டில் சிறு காந்தம் ஒட்டி, இரும்புத் தகரப் பெட்டியில் நிறுத்தி எடுத்து வருவதே பாதுகாப்பான முறை. எவர்சில்வர் டப்பாக்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது; பழைய பிஸ்கட் டின்னில் ஒட்டும். பாத்திரக்கடைக்குக் காந்தத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். காந்தத்தின் மேற்பூச்சு கீறினால் உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிரும், எனவே ஒட்டியபின் அதன்மேல் ஒரு கோட்டு வார்னிஷ். காந்தம் வேண்டாம் என்றால் மூடியுள்ள பனை ஓலைப்பெட்டியில் பழைய பருத்தித்துணியைச் சுருட்டி வைத்து, இடையிடையே வீரர்களைப் படுக்கவையுங்கள். ஓலை வளைந்து கொடுக்கும், அடிபட்டாலும் உள்ளே போகாது.

முப்பரிமாண அச்சில் எடுத்த பொம்மைகளில் பல பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக். அது 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளக ஆரம்பிக்கும். ஒரு சித்திரை மாதம் உச்சிப்புளியில் நண்பர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். காரை வெயிலில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றியிருந்தேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது ஏழு பேரின் துப்பாக்கிக் குழல்களும் முருங்கைக்காய்போல் கீழே வளைந்திருந்தன. வெந்நீரில் முக்கி நிமிர்த்தியதில் நான்கு தேறின. பெட்டியை எப்போதும் உங்களோடு நிழலுக்கு எடுத்துப் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: ஆறு முகப் பகடை பத்து, தையல் கடையில் கிடைக்கும் அங்குல நாடா, பென்சில், அச்சிட்ட படைப்பட்டியல் (உங்கள் வீரர்களும் அவர்களின் புள்ளிகளும்) இரண்டு பிரதி, ஒரு சிறு பசைக்குப்பி, ஒரு துண்டு. துண்டு எதற்கென்றால், சாப்பாட்டுத் தட்டில் அதை விரித்துப் பகடையை அதற்குள் உருட்டலாம்; சத்தமும் எழாது, பகடை ஓடிப்போய் எதிராளியின் வீரரைச் சாய்க்கவும் செய்யாது.

மேசையில் உட்கார்ந்தபின்

கூடுகை நடக்கும் அரங்குக்குள் வந்ததும் ஏற்பாட்டாளரிடம் போய், "நான் முதல்முறை வருகிறேன், ஐந்து பேர் வைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் மற்ற எல்லாவற்றையும் நடத்தி வைக்கும். யாரோ ஒரு பழைய ஆட்டக்காரர் தன் பெரிய படையை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு எதிரே ஐந்து பேரை எடுத்து வைப்பார். அப்படி வைக்காதவரை நான் இதுவரை கண்டதில்லை.

மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேசையை எடுக்காதீர்கள். பட்டியல் பறக்கும், அட்டைச் சுவர் சாயும். கடல் பார்த்த ஜன்னலோர மேசைக்கும் இதே சங்கடம் உண்டு.

ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேசுங்கள். எந்தச் சுவர் பார்வையை முழுக்க மறைக்கும், எது பாதி மறைவு, முள்காட்டுக்குள் நுழைந்தால் வேகம் குறையுமா, சாய்ந்து நின்ற பகடையை மறுபடி உருட்டுவதா. இவற்றை முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் பிற்பகல் மூன்று மணிக்கு வரும் மனக்கசப்புகள் பெரும்பாலும் வராமலே போகும்.

ஒரு நகர்வை அருகிலிருந்து பார்ப்போம். கீழக்கரையிலிருந்து வந்த மூத்தவர் ஒருவருக்கு எதிரே கல்லூரி மாணவர் ஒருவர். அங்கே அண்ணனைக் 'காக்கா' என்று அழைப்பார்கள். மாணவரின் துப்பாக்கி வீரர் வலை மிதவைக்குப் பின்னால் நிற்கிறார். அவர் முன்னேறினால் ஆறு அங்குலம் நகர்ந்து சுடலாம்; விரைந்தால் பன்னிரண்டு அங்குலம் போகலாம், ஆனால் சுட முடியாது.

"காக்கா, இவரை ஆறு அங்குலம் நகர்த்தி இந்தச் சுவரின் மூலையில் நிறுத்துகிறேன். இங்கிருந்து உங்கள் தலைவர் தெரிகிறார், மற்றவர்கள் தெரியவில்லை. சரிதானா?"

மூத்தவர் குனிந்து, பொம்மையின் கண் மட்டத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்து பார்க்கிறார். "தெரிகிறது தம்பி. ஆனால் பாதி உடம்பு சுவருக்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு மறைவு உண்டு."

"ஒத்துக்கொள்கிறேன்."

அதன்பிறகுதான் பகடை. நோக்கத்தை முதலில் வாயால் சொல்வது, எதிராளி ஒப்புக்கொள்வது, பிறகு உருட்டுவது. இந்த வரிசையைப் பழகிவிட்டால் விதிநூலில் பாதி மறந்தாலும் ஆட்டம் நன்றாக நடக்கும்.

கணக்கும் எளிது. நான்கு குண்டுகளுக்கு நான்கு பகடை; 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் படும். பாதிக்குப் பாதி, ஆக சராசரி இரண்டு படும். எதிராளியும் 4 அல்லது மேல் உருட்டினால் தடுப்பார்; ஒன்றைத் தடுப்பார், ஒன்று காயமாகும். மறைவு இருந்தால் அவர் தடுப்பதற்கு 3 அல்லது மேல் போதும். காயம் சராசரியாக ஒன்றுக்கும் குறைந்துவிடும். ஒரு சுவர் எத்தனை மதிப்புள்ளது என்பது அப்போது புரியும். புதியவர்கள் தோற்பதற்கு முதல் காரணம் திறந்தவெளியில் நிற்பது. இரண்டாவது காரணம், சுடுவதிலேயே மூழ்கி மேசை நடுவிலுள்ள குறியிடங்களை மறந்துவிடுவது. பெரும்பாலான ஆட்டங்களில் வெற்றி குறியிடத்தைப் பிடித்தவருக்குத்தான். எதிரியை ஒருவரைக்கூட வீழ்த்தாமல் வென்ற புதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறர் பொம்மையைக் கேட்காமல் தொடாதீர்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்தச் சிறு முகத்தில் கண் வரைய ஒருவர் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டபின், குறிப்பாகக் கீழக்கரை நண்பர்கள் கொண்டுவரும் தொதல் என்ற இனிப்பைத் தின்றபின், சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு வண்ணத்தில் ஏறினால் போகவே போகாது. லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு எழுந்து போகிறவர்களுக்காக ஆட்டத்தை நிறுத்திக் காத்திருப்பது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் அடுத்த நகர்வை யோசித்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாம் நாள்

சனிக்கிழமை ஓர் ஆட்டம், ஞாயிறு காலை அதே ஐந்து பேரோடு இன்னோர் ஆட்டம். படையை மாற்றாதீர்கள். முதல் நாள் செய்த தவறு இரண்டாம் நாள் நினைவிருக்கும்போதே திருத்தப்பட வேண்டும். மீதி நேரத்தில் மற்ற மேசைகளைச் சுற்றிப் பாருங்கள். இரும்பு மனித இயந்திரங்கள் மோதும் பேட்டில்டெக் ஆடுபவர்கள் அறுகோணக் கட்டத்தாளை விரித்து, பக்கத்தில் பதிவுத்தாளில் அந்த இயந்திரங்களின் வெப்பக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் இடைவேளைக்கு வந்ததும் கேட்டால் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள்.

கிளம்பும் முன் உங்களோடு ஆடியவரின் தொலைபேசி எண்ணைப் படைப்பட்டியலின் பின்புறம் எழுதி வாங்குங்கள். பிறகு மண்டியிட்டு, கைப்பேசி விளக்கை மேசைக்கடியில் தரையோடு தரையாகப் பிடித்துப் பாருங்கள். நிழல் நீண்டு விழுவதால் உடைந்து விழுந்த சிறு கையோ ஆன்டெனாவோ தனியாகத் தெரியும். துடைப்பம் வருவதற்குள் எடுத்துவிடுங்கள்.